குளத்தில் அரிய பறவை சிக்கவில்லையா? நெல்லைச் சீமைக்கான பிழை நீக்கும் வழிமுறை

நெல்லைப் பக்கம் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு இடத்துக்குப் பஞ்சமே கிடையாது. கூந்தன்குளம், விஜயநாராயணம் பெரியகுளம், மானூர், ராஜவல்லிபுரம், டவுனுக்குள்ளேயே நயினார்குளம் என்று குளத்துக்குக் குளம் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. ஆனாலும் பலர் திரும்பி வந்து சொல்வது ஒன்றுதான்: "கொக்கு, நாரை, நாமக்கோழி. வேற ஒண்ணும் இல்ல." சிலர் இதற்கு நேர்மாறு, போகிற நாளெல்லாம் ஓர் அரிய பறவையோடு வருவார்கள், படத்தைப் பார்த்தால் அது நம் ஊர் வக்காவின் (இராக்கொக்கு) குஞ்சாக இருக்கும். இரண்டு கோளாறுக்கும் மருந்து கீழே இருக்கிறது. உங்களுடையது எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்க்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று. புதிதாக ஏதாவது தெரிந்தால், அது வழக்கமான பறவைதான், வேறு சட்டை போட்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். வயது, பருவம், அழுக்கு, வெளிச்சம் இந்த நாலையும் கழித்த பிறகும் ஒத்துவரவில்லை என்றால்தான் அரியது என்ற பேச்சு. அரியது என்பதும் இடத்தைப் பொறுத்தது. வரித்தலை வாத்து கூந்தன்குளத்தில் குளிர்காலத்து வழக்கமான விருந்தாளி. அதே வாத்து நயினார்குளத்தில் இறங்கினால் நாலு பேருக்கு போன் போட வேண்டிய செய்தி.

கோளாறு: குளத்துக்குப் போனால் பறவையே இல்லை

முதலில் மாதத்தைப் பாருங்கள். ஆனி, ஆடியில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் வந்து குளம் நிறைந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தண்ணி இருக்கு, வாத்து வராமலா இருக்கும்" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அப்போது வலசை வாத்துகளும், சேற்றோரம் இரை தேடும் உள்ளான்களும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே இருக்கும். அவை இங்கே வரத் தொடங்குவது ஐப்பசி வாக்கில். பெரும்பாலானவை பங்குனிக்குள் கிளம்பிவிடும். உள்ளான்களில் சில மட்டும் ஆவணியிலேயே முன்கூட்டி எட்டிப் பார்க்கும்.

மாதம் சரியாக இருந்தும் பறவை இல்லை என்றால், தண்ணீரின் ஆழத்தைப் பாருங்கள். எந்தப் பறவை வரும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். கொசு உள்ளானுக்கும் பட்டாணி உப்புக்கொத்திக்கும் ஈரச் சேறு வேண்டும். கணுக்கால் நனைந்தால் போதும். நெடுங்கால் உள்ளான் இன்னும் கொஞ்சம் உள்ளே நிற்கும். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் தலையைக் கவிழ்த்து மேய்கிற வகை, முழங்கால் அளவுத் தண்ணீர் இருந்தால் அவற்றுக்குச் சௌகரியம். நீர்க்காகமும் முக்குளிப்பானும் முங்கிப் பிடிப்பவை, ஆழம் அவற்றுக்குப் பொருட்டில்லை. ஆகவே மறுகால் பாய்கிற அளவுக்கு நிறைந்த குளத்தில் உள்ளானைத் தேடுவது வீண் வேலை. நிற்க இடமே இல்லாத பறவை எங்கே நிற்கும்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய பெருமழைக்குப் பிறகு நம் குளங்கள் கிடந்த கிடப்பு நினைவிருக்கும். அந்த மாதிரி ஆண்டில் சேற்றுக்கரை வெளியே தெரிய மாசி, பங்குனி ஆகிவிடும்.

குளம் நிறைந்திருந்தால் வயலுக்குப் போங்கள். பிசானப் பருவ நெல்லுக்குத் தொழி அடித்துப் போட்டிருக்கும் வயலிலும், நாற்று நட்டு இரண்டு மூன்று நாள் ஆன வயலிலும் பொறி உள்ளான்கள் கூட்டமாக இருக்கும். குளம் வற்ற வற்ற அவை உள்வாய்க்கு, அதாவது கரைக்கு உட்புறமுள்ள குளத்துத் தரைக்குத் திரும்பும். அறுவடைக்குப் பின், குளத்தில் பாதிக்கும் கீழே தண்ணீர் போய், ஓரம் எல்லாம் சேறும் கோரையுமாக இருக்கும் அந்தச் சில வாரங்கள்தான் அரிய உள்ளான் தேடுகிறவருக்குப் பொற்காலம். எந்தக் குளம் எப்போது அந்த நிலைக்கு வரும் என்று இணையத்தில் தேடாதீர்கள். கரையில் மாடு பற்றி வருகிறவரிடமோ, தண்ணீர் பாய்ச்சுகிறவரிடமோ, "அண்ணாச்சி, மடை திறந்து எத்தனை நாளாச்சு? உள்வாய்ல கால் வைக்க முடியுமா?" என்று கேட்டால் போதும். எந்த வாரம் வரவேண்டும் என்பதையே அவர் சொல்லிவிடுவார்.

மூன்றாவது காரணம் விரட்டல். மீன் குத்தகை விட்டிருக்கும் குளங்களில் சில இடங்களில் பறவையை வெடி போட்டு விரட்டுவார்கள். வலை இழுக்கிற நாளில் நாரைகள் மட்டும் வலையைச் சுற்றிக் கூடும், மற்றவை பக்கத்துக் குளத்துக்குப் போய்விடும். அந்தப் பக்கத்துக் குளத்தைப் போய்ப் பாருங்கள். நம் ஊரில் ஒரு குளத்துத் தண்ணீர் மறுகால் வழியாக அடுத்த குளத்துக்குப் போவது மாதிரி பறவைகளும் அந்தச் சங்கிலியிலேயே நகரும்.

கூந்தன்குளம் இந்த வகையில் தனி ரகம். திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, இப்போது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. அரசு அறிவிப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். அங்கே தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. ஊருக்குள் வீட்டு மரத்திலேயே சங்குவளை நாரை கூடு கட்டியிருக்கும். ஆனால் மழை போதாத ஆண்டில் அதுவும் மணிமுத்தாற்றுத் தண்ணீரை எதிர்பார்த்துத்தான் நிற்கும். தண்ணீர் வராவிட்டால் பறவையும் குறைவு. போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கோளாறு: பறவை நிறைய இருக்கிறது, எல்லாம் கறுப்பாகத் தெரிகிறது

வெயிலுக்கு எதிரே நிற்கிறீர்கள். பைனாகுலரை மாற்றி இதைச் சரி செய்ய முடியாது, நீங்கள்தான் இடம் மாற வேண்டும்.

நம் தாமிரபரணிப் படுகையில் நிலம் மேற்கே மலையிலிருந்து கிழக்கே கடலைப் பார்த்துச் சரிகிறது. கரையைத் தாழ்ந்த பக்கம்தான் போடுவார்கள். அதனால் நம் குளங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கரை கிழக்கேயோ தென்கிழக்கேயோ வளைந்து கிடக்கும், உள்வாய் மேற்கே இருக்கும். காலையில் கரைமேல் நின்று மேற்கே பார்த்தால் வெயில் முதுகில், பறவை மேல் முழு வெளிச்சம். கரை உயரமாக இருப்பதால் கோரைக்குப் பின்னால் இருப்பதும் தெரியும். காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை கரையை விட்டு இறங்கவே வேண்டாம். சாயங்காலம் போனால் அதே கரை எதிரி. அப்போது சுற்றிக்கொண்டு உள்வாய்ப் பக்கம் போய்விட வேண்டும். வடக்கே கரை உள்ள குளங்களும் இருக்கின்றன, எனவே முதல் தடவை போகிற குளத்தைச் செயற்கைக்கோள் வரைபடத்தில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவது நல்லது.

வேறு வழியே இல்லாமல் எதிர்வெயிலில்தான் பார்க்க வேண்டும் என்றால் நிறத்தை விட்டுவிடுங்கள். உருவம், மூக்கின் நீளம், கால் நீளம், நடை, இரை தேடும் விதம் இவற்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். எதிர்வெயிலில் பார்த்த நிறம் அநேகமாகப் பொய்.

கோளாறு: உருவம் நெளிகிறது, மங்குகிறது, அல்லது இரண்டாகத் தெரிகிறது

நெளிந்தால் அது கானல். வெயில் ஏற ஏறச் சேற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கிளம்பும் சூட்டில் தூரத்துப் பறவை நடுங்கும். ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் உருப்பெருக்கத்தைக் கூட்டக் கூட்ட நடுக்கமும் கூடும், ஆகவே குறையுங்கள். விஜயநாராயணம் மாதிரி அகலமான குளங்களில் பத்து மணிக்கு மேல் தூரத்து உள்ளானுக்குப் பெயர் வைப்பது சரிவராது. காலையிலேயே முடித்துவிடுங்கள்.

மங்கினால், ஏசி காரிலிருந்து இறங்கிய உடனே கண்ணாடியில் பனி பிடித்திருக்கும். பத்து நிமிடம் வெளிக்காற்றில் விட்டால் சரியாகும். லென்ஸுக்கு உள்ளே பனி என்றால் அது பழுது பார்க்கிறவர் வேலை.

ஒரு கண்ணில் தெளிவு, மறு கண்ணில் மங்கல் என்றால் இரு கண்ணின் பார்வை வித்தியாசத்தைச் சரிக்கட்டும் டயாப்டர் வளையம் சரியில்லை. வலது லென்ஸை மூடிக்கொண்டு, தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை இடது கண்ணால் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருகித் தெளிவாக்குங்கள். அப்புறம் இடதை மூடிக்கொண்டு, சக்கரத்தைத் தொடாமல், வலது கண்ணருகே இருக்கும் வளையத்தை மட்டும் திருகுங்கள். ஒரு தடவை செய்தால் போதும். கண்ணாடி போட்டவர்கள் கண் ரப்பரை உள்ளே திருகிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதிக் காட்சிதான் கிடைக்கும். இரண்டு குழல்களையும் கண் அகலத்துக்குச் சரி செய்த பிறகும் காட்சி இரண்டாக இருந்தால், எப்போதோ கீழே விழுந்து உள்ளே நகர்ந்திருக்கிறது. அதைப் போட்டுத் திருகாதீர்கள்.

பைனாகுலர் வாங்கப் போகிறவர்களுக்கு: 8×42 (எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்லென்ஸ்) போதும். 12, 16 என்று பெருக்கத்துக்கு ஆசைப்பட்டால் கை நடுக்கமும் கூடவே பெருகும்.

கோளாறு: கிட்டே போவதற்குள் எல்லாம் பறந்துவிடுகிறது

நேராக நடந்து போகாதீர்கள். நேரே வருகிற ஆளைத்தான் பறவைக்குப் பிடிக்காது. மாடு மேய்வது போல் சாய்ந்து சாய்ந்து, நின்று நின்று போனால் பாதிப் பயம் போய்விடும். முதலில் தலை நிமிர்த்தி, மேய்ச்சலை நிறுத்தி உங்களைப் பார்க்கும். அங்கேயே நில்லுங்கள். அது மறுபடி மேயத் தொடங்கும் வரை அடுத்த அடி வேண்டாம். கரைச்சாலையில் பைக்கோ காரோ போய்க்கொண்டே இருக்கும் குளங்களில் வண்டிக்குள் இருந்தபடி பார்ப்பதே உத்தமம். இறங்கிக் கதவை அடைத்தால் தீர்ந்தது.

நம் குளங்களில் உண்மையான தொல்லை ஆள்காட்டி. நீங்கள் வரப்பில் கால் வைக்கும் முன்பே கத்தி ஊரைக் கூட்டிவிடும். அது கத்தத் தொடங்கினால் உட்கார்ந்துவிடுங்கள், கொஞ்ச நேரத்தில் அடங்கும்.

நீங்கள் ஒன்றும் செய்யாமலே மொத்தக் கூட்டமும் எழுந்தால் மேலே பாருங்கள். சேற்றுப் பூனைப்பருந்தோ பொரி வல்லூறோ வந்திருக்கும். அதை நொந்துகொள்ள வேண்டியதில்லை. உட்கார்ந்திருக்கும்போது ஒன்றுபோல் தெரிந்த வாத்துகள் இறக்கை விரித்துப் பறக்கும்போதுதான் வேறுபடும். அடுத்த கோளாறுக்கு அது உதவி.

ஒரு கண்டிப்பு. கூடு இருக்கும் மரத்தை நெருங்கக் கூடாது, உள்வாயில் இறங்கி வாத்துக் கூட்டத்தைப் "பறக்க விட்டுப்" படம் எடுக்கக் கூடாது. சேற்றில் இடுப்பளவு புதைந்தவர்களும் உண்டு, அது தனிக்கதை.

கோளாறு: எல்லா வாத்தும் பழுப்பாக, ஒரே மாதிரி இருக்கின்றன

கார்த்திகை மாதத்தில் போனீர்களா? அப்படியானால் உங்கள் கண்ணில் குறை இல்லை. வலசை வாத்துகளில் ஆண்கள் இனப்பெருக்கம் முடிந்ததும் பளிச்சென்ற இறகை உதிர்த்துவிட்டுப் பெண்களைப் போன்ற பழுப்பு இறகோடுதான் இங்கே வந்து சேரும். தையில்தான் ஆண் ஊசிவாலுக்குச் சாக்லேட் தலையும் வெள்ளைக் கழுத்தும், நீலச்சிறகிக்குக் கண்ணுக்கு மேலே வெள்ளைப் பிறையும் முழுதாகத் தெரியும். வாத்துக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் தை, மாசியில் தொடங்கினால் பாதிச் சிரமம் குறையும்.

அதுவரை மூக்கைப் பாருங்கள். தட்டைவாயனுக்கு மூக்கு தலையைவிட நீளம், நுனியில் அகன்று அகப்பை மாதிரி. வயதோ பாலோ எதுவானாலும் இது மாறாது. ஊசிவாலுக்குச் சாம்பல் நிற மெல்லிய மூக்கு, நீளக் கழுத்து, பெண்ணுக்கும் கூர்மையான வால். நீலச்சிறகிப் பெண்ணுக்கு முகத்தில் கோடு கோடாக இருக்கும்: கண் வழியே கருங்கோடு, அதற்கு மேலும் கீழும் வெளிர்க்கோடு, மூக்கின் அடியில் ஒரு வெளிர் பொட்டு. கிளுவை இன்னும் சின்னது, முகத்தில் அவ்வளவு கோடு இல்லை, வால் பக்கவாட்டில் ஒரு வெளிர்க்கீற்று. நம் ஊரிலேயே இருக்கும் புள்ளி மூக்கு வாத்துக்குக் கறுப்பு மூக்கின் நுனி மஞ்சள்.

பறந்தால் இறக்கையைப் பாருங்கள். ஆண் நீலச்சிறகிக்கும் தட்டைவாயனுக்கும் இறக்கையின் முன்பாதி நீலம் கலந்த வெளிர்நிறம். இப்போது அந்தக் கூட்டத்தில் அரியதைத் தேடலாம். உடலை ஒட்டிய இறக்கைப் பின்னோரத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் மட்டும் மின்னினால் கருவால் வாத்தா என்று பாருங்கள். வயிறு வெள்ளை, மூக்கு குட்டையாக நீலச்சாம்பல், ஆணுக்கு இறக்கையில் பெரிய வெள்ளைத் திட்டு என்றால் நாமத்தலை வாத்து. இரண்டும் நம் ஊரில் வழக்கமான கூட்டத்துக்குள் ஒன்றிரண்டாக ஒளிந்து வருகிற வகை. நூறு ஊசிவாலை ஒவ்வொன்றாகப் பார்க்கப் பொறுமை உள்ளவருக்குத்தான் சிக்கும். குறுக்குவழி கிடையாது.

அப்புறம், அறுவடை வயலில் நானூறு ஐந்நூறு வாத்து ஒரே கூட்டமாக நின்றால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். பக்கத்தில் கம்போடு ஒருவர் நிற்கிறாரா என்று பாருங்கள். மேய்ச்சலுக்குப் பற்றி வருகிற வீட்டு வாத்துகள்!

கோளாறு: உள்ளான் கூட்டத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது

எல்லாருக்கும் சுற்றும். மொத்தக் கூட்டத்துக்கும் பெயர் வைக்கப் பார்க்காமல், மூன்றை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தண்ணீர் ஓரத்தில் வாலை ஆட்டிக்கொண்டே தனியாக நடப்பது, மார்பின் வெள்ளை தோள் பக்கம் ஆப்பு மாதிரி மேலே ஏறியிருப்பது சாதாரண உள்ளான். முதுகில் வெளிர்ப் புள்ளிகளும் கண்ணுக்கு மேலே நீண்ட வெள்ளைப் புருவமும் இருந்து, பறக்கும்போது கால் வாலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் பொறி உள்ளான். முதுகு கருமையாக, புருவம் கண்ணுக்கு முன்னாலேயே முடிந்து, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்து, எழும்போது கருத்த இறக்கையடியும் பளீரென்ற வெள்ளைப் பிட்டமும் தெரிந்தால் கருப்பு உள்ளான். கடைசியது பெரும்பாலும் தனியாக, வாய்க்காலிலோ மடையடியிலோ இருக்கும். இந்த மூன்றும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும்படி ஆனால், நாலாவது தானாகவே உறுத்தும்.

பச்சைக்காலிகளில் சின்னது, பெரியது என்று இரண்டு. ஒல்லியாக, ஊசி போன்ற நேர்மூக்கோடு இருந்தால் சிறு பச்சைக்காலி. உடல் கனமாக, அடிமூக்கு தடித்து நுனி சற்றே மேல்நோக்கி இருந்தால் பெரியது. குரல் கேட்டால் இன்னும் எளிது. பெரிய பச்சைக்காலி எழும்போது "டியூ-டியூ-டியூ" என்று மூன்று தடவை உரக்கக் கூவும்.

கொசு உள்ளான் நமக்கு வழக்கம். அதன் கால் கறுப்பு. கூட்டத்தில் ஒன்றுக்கு மட்டும் மஞ்சள் கலந்த வெளிர்க்கால், முதுகு பட்டையில்லாத மந்தச் சாம்பல், கோரையை ஒட்டிக் குனிந்து மெல்ல நடக்கிறது என்றால் அது டெம்மிங்கின் கொசு உள்ளானாக இருக்கலாம். ஆனால் கால் சேற்றில் புரண்டிருந்தால் நிறத்தை நம்பாதீர்கள். தண்ணீரில் ஒரு நடை நடந்து வரும் வரை காத்திருங்கள்.

அளவு தெரியாமல் திணறினால் அருகில் இருக்கும் தெரிந்த பறவையோடு ஒப்பிடுங்கள். "நெடுங்கால் உள்ளானில் பாதி", "மைனாவைவிடச் சின்னது" என்று எழுதினால் போதும். சென்டிமீட்டரில் ஊகிக்க வேண்டாம், தண்ணீர்ப்பரப்பில் தூரமே பிடிபடாது.

கோரைக்குள்ளிருந்து காலடியில் வெடித்துக் கிளம்பும் நீளமூக்கு உள்ளான்களுக்கு உட்கார்ந்த நிலையில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பறக்கும்போது இறக்கையின் பின்னோரத்தில் வெள்ளைக்கோடு தெளிவாக இருந்தால் விசிறிவால் உள்ளான். இல்லாவிட்டால் ஊசிவால் உள்ளான் பக்கம் சாயலாம். இரண்டும் தெரியவில்லை என்றால் "கோரை உள்ளான் வகை" என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

கோளாறு: புத்தகத்தில் இல்லாத பறவை தெரிகிறது

இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். புத்தகத்தில் இல்லாதது அநேகமாகக் குஞ்சு, அல்லது குளிர்கால இறகில் இருக்கும் பறவை.

பழுப்பு உடம்பில் வெள்ளைத் துளிகள் தெளித்தது போல், குந்தி உட்கார்ந்திருக்கும் தடித்த கழுத்துப் பறவை: வக்காவின் இளம்பறவை. குருகு என்று அவசரப்படாதீர்கள். மஞ்சள் குருகு இதைவிட மிகச் சின்னது, ஒல்லி, கோரைத் தண்டைப் பிடித்து நிற்கும். அழுக்கு வெள்ளை உடம்பு, மங்கலான மஞ்சள் மூக்கு, தோளில் ரோஸ் இல்லாத பெரிய நாரை: சங்குவளை நாரையின் இளசு. கூந்தன்குளத்தில் கோடையில் நிறையப் பார்க்கலாம். நத்தை குத்தி நாரைக்கு இளமையில் மூக்கு நடுவே இடைவெளியே இருக்காது, அதனால் வேறு நாரை என்று தோன்றும். வால் இல்லாத, மார்பில் கருங்கோடு போட்ட, தாமரை இலைமேல் நடக்கும் பழுப்புப் பறவை நீளவால் இலைக்கோழியேதான். அந்த நீள வாலெல்லாம் இனப்பெருக்கக் காலத்து அலங்காரம். சிவப்புத் தலையோடு குட்டியாக ஒன்று நீந்தினால் நாமக்கோழிக் குஞ்சு.

அரிவாள் மூக்கன்களில் கறுப்பாக ஒன்றைப் பார்த்தால் இடத்தையும் கவனியுங்கள். மேட்டாங்காட்டில், தோளில் வெள்ளைத் திட்டும் உச்சந்தலையில் சிவப்பும் இருந்தால் கருப்பு அரிவாள் மூக்கன். தண்ணீரில், கூட்டமாக, ஒல்லியாக, வெயிலில் செம்பும் பச்சையும் மினுங்கினால் பழுப்பு அரிவாள் மூக்கன்.

வானத்தில் பழுப்புப் பருந்து ஒன்று வட்டமிட்டால், செம்பருந்தின் இளசாக இருக்க வாய்ப்பு அதிகம். பூனைப்பருந்து என்றால் இறக்கையைச் சற்று மேலே தூக்கி, கோரைக்கு மேலே தாழ்வாக, ஆடி ஆடிப் போகும். பெண் சேற்றுப் பூனைப்பருந்துக்குத் தலை மட்டும் வெண்ணெய் நிறம்.

ஆலாக்கள் குளிர்காலத்தில் எல்லாமே வெள்ளையும் சாம்பலும்தான். நம் குளங்களில் மீசை ஆலாவே மிகுதி. கண்ணிலிருந்து கறுப்பு பிடரி வரை ஓடியிருக்கும், பிட்டம் சாம்பல். கண்ணுக்குப் பின்னால் ஹெட்போன் மாட்டினது போலக் கறுப்பு கீழே தொங்கி, கழுத்து வெள்ளையாக, பிட்டமும் வெளிறித் தெரிந்தால் வெண்சிறகு ஆலாவாக இருக்கலாம். அந்தச் சமயம் படம் அவசியம்.

இதெல்லாம் கழிந்தும் விளங்கவில்லை என்றால் அழுக்கையும் நோயையும் கழியுங்கள். செம்மண் குளத்தில் குளித்த கொக்கு செங்கொக்கு ஆகாது. நிறமி குறைந்து வெளுத்துப் பிறக்கும் பறவைகளும் உண்டு. அவற்றில் உருவமும் மூக்கும் மாறாது. காலில் கயிறு, அடிபட்ட இறகு இருந்தால் வளர்ப்பிலிருந்து தப்பியதோ என்று யோசியுங்கள்.

கோளாறு: நேற்று ஒருவர் பார்த்தார், இன்று நான் போனால் இல்லை

பெயரை மட்டும் கேட்டுவிட்டுப் போனால் இப்படித்தான். எத்தனை மணிக்கு, எந்த மடைப்பக்கம், தண்ணீரிலா சேற்றிலா, எந்தப் பறவைகளோடு நின்றது என்று கேட்டிருக்க வேண்டும். அரிய உள்ளான் தனியாக நிற்பது குறைவு. தன் அளவுள்ள கூட்டத்தோடுதான் சேரும், அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடித்தால் அதுவும் இருக்கும். வரித்தலை வாத்து பகலில் குளத்தில் ஓய்வெடுத்துவிட்டு அந்தி சாயும்போது வயலுக்கு மேயக் கிளம்பும். நடுப்பகலில் குளத்தில் உள்ளதை அந்தியில் தேடினால் கிடைக்காது. பூனைப்பருந்துகள் மாறாக அந்தியில்தான் அடைய வரும்.

இரண்டு நாளில் மடை திறந்திருந்தால் தண்ணீர் விளிம்பு பத்துப் பதினைந்து அடி நகர்ந்திருக்கும். பறவையும் நகர்ந்திருக்கும். குளத்தை ஒரு சுற்று வந்துவிட்டு, அப்புறம் "இல்லை" என்று சொல்லுங்கள்.

கோளாறு: படம் எடுத்தேன், யாராலும் பெயர் சொல்ல முடியவில்லை

வெள்ளைப் பறவை வெறும் வெள்ளைத் தாளாகப் பதிந்தால் எக்ஸ்போஷரை ஒன்று குறையுங்கள். வானத்தில் பறப்பது கரிக்கட்டையாகப் பதிந்தால் ஒன்று கூட்டுங்கள். கோரையில் ஃபோகஸ் போய் ஒட்டிக்கொண்டால் ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாற்றுங்கள். ஆனால் அடையாளத்துக்கு அழகான படம் வேண்டியதில்லை. பக்கவாட்டில் ஒன்று, முதுகு தெரிய ஒன்று, பறக்கும்போது இறக்கை விரித்து ஒன்று, கால் தெரிய ஒன்று, தெரிந்த பறவையோடு சேர்த்து ஒன்று. மங்கலாக இருந்தாலும் இந்த ஐந்தும், போஸ் கொடுக்கும் ஐம்பது படத்தைவிட உதவும். செயற்கை நுண்ணறிவுக் கருவியில் போட்டுப் "பளிச்" ஆக்கி அனுப்பாதீர்கள். அது இல்லாத இறகுக்கோட்டை வரைந்துவிடும், அப்புறம் யார் சொன்னாலும் தவறாகத்தான் முடியும்.

பறவைக்குப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி நல்ல உதவியாள்தான், ஆனால் இடமும் தேதியும் சரியாகக் கொடுக்க வேண்டும். கேமராவின் கடிகாரம் தப்பாக இருந்தால் ஆடி மாதத்தில் ஊசிவால் பார்த்ததாக உங்கள் பதிவு நிற்கும்.

கோளாறு: பறவைப் பதிவுத் தளமான இ-பேர்ட் என் பதிவை அரியது என்று குறித்துக் கேள்வி கேட்கிறது

கோபப்பட ஒன்றுமில்லை. அந்த மாவட்டத்தில் அந்த மாதத்தில் வழக்கமில்லாத பறவையையோ எண்ணிக்கையையோ பதிந்தால் அது தானாகவே கேட்கும். அதன்பின் நம் பகுதியை அறிந்த தன்னார்வலர் ஒருவர் பார்ப்பார். "நன்றாகத் தெரிந்தது", "நிச்சயம் அதுதான்" என்று எழுதினால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. எவ்வளவு தூரம், வெளிச்சம் எந்தப் பக்கம், எத்தனை நேரம் பார்த்தீர்கள், என்ன என்ன தெரிந்தது, எதனோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு இருந்தது, அது இல்லை என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள். இந்தக் கடைசி இரண்டும்தான் முக்கியம். இப்படி எழுதலாம்: "கால் மஞ்சள் கலந்த வெளிர்நிறம், தண்ணீரில் நடந்து வந்த பிறகும் அப்படியே இருந்தது, பக்கத்தில் நின்ற கொசு உள்ளான்களின் கால் கறுப்பு, முதுகில் வெள்ளைக்கோடு இல்லை."

எண்ணிக்கையால் குறிக்கப்பட்டிருந்தால் எண்ணிய முறையை எழுதுங்கள். பெரிய கூட்டத்தில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கி, அதே அளவை அடுக்கிக்கொண்டே போக வேண்டும். இதைப் பழகச் சரியான இடம் ஜனவரிக் கணக்கெடுப்புகள். 2011 முதல் மணிமுத்தாறு அகத்தியமலை மையத்தார் தன்னார்வலர்களோடு சேர்ந்து தாமிரபரணிப் படுகைக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பும் உண்டு. பழகியவரோடு ஒரு காலை நின்றால், மேலே சொன்ன உள்ளான் தலைசுற்றலில் பாதி அங்கேயே தீரும்.

கூடு இருக்கும் அரிய பறவையாக இருந்தால் துல்லியமான இடத்தை வாட்ஸப்பில் பரப்பாதீர்கள். பதிவில் மறைத்து வைக்கவும் வசதி இருக்கிறது.

கோளாறு: பறவையின் கழுத்திலோ காலிலோ ஏதோ மாட்டியிருக்கிறது

வலையோ தூண்டிலோ சிக்கியிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், நீங்களே பிடிக்கப் போகாதீர்கள். பட்டையோ வளையமோ என்றால் அது ஆராய்ச்சிக்காக மாட்டியது. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை போட்ட வரித்தலை வாத்துகள் தென்னிந்தியக் குளங்களில் காணப்பட்டிருக்கின்றன. பட்டையின் நிறம், எழுத்தின் நிறம், எழுத்தும் எண்ணும் எந்த வரிசையில், எந்தக் காலில், முட்டிக்கு மேலா கீழா என்று எல்லாவற்றையும் குறித்துப் படமும் எடுங்கள். உலோக வளையமாக இருந்தால் ஸ்கோப் இல்லாமல் எண் தெரியாது. நம் நாட்டில் போட்டதாக இருந்தால் பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லி அதிலேயே பொறித்திருக்கும். பாதி எழுத்துதான் தெரிந்தது என்றால் பாதியையே அனுப்புங்கள், மீதியை ஊகித்து நிரப்ப வேண்டாம்.